ஆற்றங்கரைச் சித்திரமும் அகற்றப்பட்ட மனிதர்களும்

நகரத்து ஆற்றங்கரைகளை வரைவதில் ஓவியர்களுக்கு என்றுமே தனியான ஈடுபாடு இருந்து வந்திருக்கிறது. தண்ணீர், படகு, பாலம், படித்துறை, மூட்டை சுமப்பவர்கள், விலை பேசுபவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று ஒரு சமூகத்தின் சகல தரப்பினரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிடக்கூடிய வேறு காட்சி இல்லை. அரண்மனையை வரைந்தால் அரசனையும் அவனது பரிவாரங்களையும் மாத்திரமே காட்டலாம். ஆற்றங்கரையை வரைந்தால் ஊரையே காட்டலாம்.

ஆனால், இத்தகைய ஓவியங்கள் எப்போது அதிகமாக விரும்பப்படுகின்றன, எங்கே மாட்டப்படுகின்றன என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். கரையில் சனநெரிசல் இருந்த காலத்தில் அதை விலை கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டியவர்கள் குறைவு. நெரிசல் அகற்றப்பட்டு, நாற்றம் போய், கரை நெடுகிலும் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்த பின்னரே அந்தப் பழைய சந்தடி அழகாகத் தோன்றத் தொடங்குகிறது. அந்தக் கட்டிடங்களின் வரவேற்புக் கூடங்களிலேயே அது சித்திரமாக வந்து குடியேறுகிறது.

சிங்கப்பூர் ஆற்றங்கரையை அண்டிய வர்த்தகக் கட்டிடம் ஒன்றில் அப்படியொரு சித்திரத்தை அண்மையில் காணும் வாய்ப்புக் கிடைத்தது. கலப்பு ஊடக ஓவியம் என்று இன்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது அது. சுவரின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. ஆற்று நீரை மையினாலும் வர்ணத்தினாலும் தீட்டிய ஓவியர், கரையோரக் கடைவீடுகளைப் பழைய பத்திரிகைத் தாள்களை வெட்டி ஒட்டி எழுப்பியிருந்தார். மூட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் உண்மையான சாக்குத் துண்டுகள். படகுகளைக் கரையோடு பிணைத்த கயிறுகள் வர்ணக் கோடுகள் அல்ல, கயிறுகளேதான். மூட்டை தூக்குவோர் எல்லோரும் தூரிகையின் ஓரிரு கறுப்புக் கீற்றுக்களாக மாத்திரம் இருந்தார்கள். முகம் எவருக்கும் இல்லை.

ஒட்டுவேலையைக் கலையாக்கியது புதிய விடயம் அல்ல. 1912 ஆம் ஆண்டில் பிக்காசோவும் பிராக்கும் பத்திரிகைத் துண்டுகளையும் சுவர்த்தாள்களையும் ஓவியத்தில் ஒட்டத் தொடங்கினார்கள். பிக்காசோ அந்த ஆண்டின் இறுதியில் செய்த சில ஒட்டுச்சித்திரங்களில், அப்போது நடந்துகொண்டிருந்த பால்கன் போர் பற்றிய செய்திகள் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. அவர் அவற்றை வெறும் தாளாகக் கருதி ஒட்டினாரா அல்லது செய்தி வாசிக்கப்படவேண்டும் என்று எண்ணி ஒட்டினாரா என்பது குறித்துக் கலை விமர்சகர்கள் மத்தியில் நீண்டகாலமாக விவாதம் இருந்து வருகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்தவன் என்ற முறையில் எனது அனுதாபம் செய்தியின் பக்கமே. அச்சில் வந்த எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் கடந்துபோவது எங்களைப் போன்றவர்களால் இயலாத காரியம். வடை சுற்றித் தந்த தாளைக்கூட எண்ணெய்க் கறைக்கு மேலால் வாசித்துவிட்டே எறிபவர்கள் நாங்கள்.

எனவே அந்தச் சித்திரத்தையும் வாசிக்கத் தொடங்கினேன். ஒட்டப்பட்டிருந்த துண்டுகளில் பெரும்பாலானவை சீன மொழியில் இருந்தன. அடுத்ததாக ஆங்கிலம். சில துண்டுகளில் அரபு எழுத்தில் அச்சான மலாய். இடது பக்கக் கீழ் மூலையில், படித்துறைக்குச் சற்று மேலே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு தமிழ்த் துண்டு. அது தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. கழுத்தைச் சரித்து வாசித்தபோது 'ஆட்கள் தேவை' என்ற தலைப்பும் அதற்குக் கீழே அரைவாசி கிழிந்த இரண்டு வரிகளும் தெரிந்தன.

நான் நின்ற கோலத்தைக் கண்டு காவலாளி அருகில் வந்தார். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் எல்லை கடந்து வேலைக்கு வந்துபோகும் மலேசியத் தமிழர் அவர். "அது தலைகீழா ஒட்டியிருக்காங்க ஐயா. வேலைக்கு வந்த முதல் நாளே பாத்துட்டேன்," என்றார். எவரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "யாருகிட்ட போய்ச் சொல்றது? படம் நல்லாருக்குன்னுதானே எல்லாரும் போட்டோ புடிச்சிட்டுப் போறாங்க," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் தனது இடத்துக்குப் போய்விட்டார்.

இதை ஓவியர் மீதான குற்றச்சாட்டாக நான் எழுதவில்லை. அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. அவரது கண்ணுக்கு அது கடைவீட்டின் ஒரு கதவுப் பலகைக்குப் பொருத்தமான சாம்பல் நிறத் தாள். தமிழை ஒரேயடியாக விட்டுவிடாமல் ஒரு துண்டையாவது தேடி ஒட்டினாரே என்று மெச்சவும் இடம் உண்டு. ஆனால், ஒரு மொழி வாசிக்கப்படுவதற்கும் நிறமாகப் பயன்படுவதற்கும் இடையிலான வித்தியாசம், அந்த மொழியைப் பேசிய மனிதர்கள் ஒரு நகரத்தின் வரலாற்றில் எவ்வாறு நினைவுகூரப்படுகிறார்கள் என்பதோடு சம்பந்தப்பட்டது. சிங்கப்பூர் ஆற்றைப் பொறுத்தவரை அந்த வித்தியாசம் சிறியது அல்ல.

அந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்கள் என்றதும் இன்று எல்லோருடைய மனக்கண்ணிலும் தோன்றுபவர்கள் சீனப் படகுக்காரர்களே. முகப்பில் இரண்டு கண்கள் தீட்டப்பட்ட துவாகாவ் என்னும் சீனப் படகுகளே சகல ஓவியங்களிலும் இடம்பிடித்திருக்கின்றன. ஆனால், 19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையில் தொங்கான்களில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் முதன்மையானவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களும் ஏனைய தமிழர்களும் அந்தத் தொழிலில் கோலோச்சினார்கள். நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது படிப்படியாகச் சீனர்களின் கைக்கு மாறியது. சூலியா தெரு, 1826 இல் தோற்றம்பெற்ற ஜாமியா சூலியா பள்ளிவாசல், 1828 - 1830 காலப்பகுதியில் தெலுக் ஆயர் தெருவில் எழுந்த நாகூர் தர்கா ஆகியவை அந்தத் தலைமுறையினர் விட்டுச்சென்ற அடையாளங்கள். 1819 இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்து செங்கற்சூளை போட்ட நாராயண பிள்ளை, 1827 இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமானவர்.

படகுக்காரர்களுக்கு அப்பால், ஆற்றங்கரையிலிருந்து சில நிமிட நடையில் மார்க்கெட் தெரு. அங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தரையில் பாய் விரித்து, சிறிய மேசைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அவர்கள் கொடுத்த கடனில் தோட்டங்களும் கடைகளும் படகுகளும் வாங்கப்பட்டன. வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத சிறு வியாபாரிக்கு அந்தக் கிட்டங்கியே வங்கி. 1970 களின் நகரப் புனரமைப்பில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் மறைந்துபோயின. 1859 இல் அவர்கள் அமைத்த தெண்டாயுதபாணி கோயில் தேங்க் ரோட்டில் இன்றும் இருக்கிறது.

இவ்வளவு பேரும் ஒரு சித்திரத்தில் தலைகீழான இரண்டு விரற்கடைத் தாளாகச் சுருங்கிப்போனதற்கு யார் பொறுப்பு? வரைந்தவரையும் வாங்கியவரையும் நோவதில் பயனில்லை. படகோட்டியவர் எவரும் குறிப்பேடு எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்த எமது கல்விமான்கள் படகோட்டியவர்களிடம் போய்க் கேட்கவும் இல்லை. கோயில் கட்டியவரின் பெயரைக் கல்லில் வெட்டும் சமூகம், அந்தக் கல்லைப் படகில் ஏற்றி வந்தவனின் பெயரை எங்குமே எழுதுவதில்லை.

சீனாவில் சாங் செதுவான் என்ற ஓவியர் 12 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரைந்ததாகக் கருதப்படும் சுருளோவியம் ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்றைய சொங் பேரரசின் தலைநகரில், இன்றைய கைஃபெங் நகரில், பியன் ஆற்றங்கரையில் நிகழும் ஒருநாள் வாழ்க்கையை ஐந்து மீற்றருக்கும் அதிகமான நீளமுள்ள பட்டுத் துணியில் அவர் வரைந்தார். அகலமோ 25 சென்டிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் நூற்றுக்கணக்கான மனிதர்கள். சுருளின் நடுவில் வளைந்த மரப்பாலம் ஒன்று. பெரிய படகொன்று பாயை இறக்கியும் பாய்மரத்தை முழுமையாகச் சாய்க்காமல் பாலத்தை நெருங்கிவிட்டது. படகுக்காரர்கள் கோல்களை ஊன்றுகிறார்கள். பாலத்தில் நிற்பவர்கள் கைகளை நீட்டிக் கத்துகிறார்கள். ஒருவர் கயிறு வீசுகிறார். 900 வருடங்கள் கழிந்த பின்னரும் பார்ப்பவர் மனம் அந்தப் படகு தப்புமா என்று பதைக்கிறது.

அந்தச் சுருளை வரைந்து சொற்ப காலத்தில், 1127 இல், தலைநகரம் வடக்கிலிருந்து வந்த ஜின் படைகளிடம் வீழ்ந்தது. பேரரசரும் அவரது தந்தையாரும் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டனர். நகரம் போனது, பேரரசு தெற்கே ஓடியது. எஞ்சியது என்ன? கயிறு வீசிய அந்த மனிதனும் பாலத்து ஓரத்தில் கடை விரித்தவனும்தான். 2015 இல் அரண்மனை அருங்காட்சியகத்தில் அந்தச் சுருளைக் காட்சிப்படுத்தியபோது அதைக் காண மக்கள் பல மணிநேரம் வரிசையில் நின்றார்கள். அவர்கள் பேரரசரைப் பார்ப்பதற்காக நிற்கவில்லை. சாங் செதுவான் மனிதர்களுக்குப் பெயர் கொடுக்கவில்லைதான். ஆனால், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைக் கொடுத்தார். எவரும் அங்கு நிறத்துக்காக நிறுத்தப்பட்டவர் அல்ல.

மீண்டும் சிங்கப்பூர் ஆற்றுக்கு வருவோம். அதன் நீளம் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அவ்வளவு சிறிய ஆற்றில் ஒரு முழு நகரத்தின் வணிகமும் நடந்தது. அதற்கான விலையையும் ஆறுதான் கொடுத்தது. படகு திருத்தும் இடங்களின் எண்ணெய், தெருக்கடைகளின் எச்சில், காய்கறிச் சந்தையின் கழிவு, மலக்குழிகள் இல்லாத குடிசைகளின் கழிவு எல்லாம் தண்ணீரில் கலந்தன. பக்கத்துக் காலாங் ஆற்றுப் படுகையின் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அங்கு தமது பங்கைச் செய்தன. வற்றுக்காலத்தில் கரையில் நிற்க முடியாது என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள்.

1977 பெப்ரவரி 27 ஆம் திகதி அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்து உரையாற்றிய பிரதமர் லீ குவான் யூ, பத்து வருடங்களில் இந்த ஆறுகளில் மீன்பிடிக்கக்கூடிய நிலை வரவேண்டும் என்று இலக்கு நிர்ணயித்தார். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சேர்த்து 20,000 இற்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்மாற்றப்பட்டன. சுமார் 5,000 தெருக்கடைக்காரர்கள் கட்டிடங்களுக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். 1983 இல் 800 இற்கும் அதிகமான சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு அனுப்பப்பட்டன. 1987 இல் பணி நிறைவு கொண்டாடப்பட்டபோது அதற்குப் பொறுப்பாக இருந்த அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. 2008 இல் மரீனா அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர் அந்த ஆறு கடலிலிருந்து பிரிக்கப்பட்டு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. நாற்றம் காரணமாக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆற்றிலிருந்து குடிநீர் பெறுகிறார்கள். நீர்நாய்கள்கூடத் திரும்பி வந்துவிட்டன.

இது சாதனை அல்ல என்று வாதிடுவது அபத்தம். பழைய சந்தடியை நினைத்து உருகுபவர்களில் எவரும் அந்தக் குடிசைகளில் ஓர் இரவைக் கழித்திருக்கப் போவதில்லை. முதுகில் மூட்டையைச் சுமந்து, குறுகிய பலகையில் சமநிலை பிசகாமல் நடந்து, நாள் முடிவில் அபினியில் வலியை மறந்தவர்களின் வாழ்வை அழகு என்று சொல்வதற்கு நாம் யார்? அத்துடன் படகுத்தொழிலை முடிவுக்குக் கொண்டுவந்தது அரசாங்கத்தின் துடைப்பம் மாத்திரம் அல்ல. 1972 இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் துறைமுகம் செயற்படத் தொடங்கிய நாளிலேயே அந்தத் தொழிலின் விதி எழுதப்பட்டுவிட்டது. ஆயிரம் மூட்டைகளை ஆயிரம் முதுகுகள் சுமந்த இடத்தில் ஒரு பாரந்தூக்கி வந்து நின்றது.

சிங்கப்பூர் அரசாங்கம் மக்களை அப்புறப்படுத்தியது. அதேவேளை, போவதற்கு இடமும் கொடுத்தது. 1960 இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு அபிவிருத்திச் சபையின் தொடர்மாடி வீடுகள் அப்போது தயாராக இருந்தன. கடைக்காரர்களுக்கு உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டன. எல்லோருக்கும் திருப்தி ஏற்பட்டது என்று சொல்லமுடியாது. பாசிர் பாஞ்சாங்கின் அலை ஆற்றுப் படகுகளுக்கு ஒவ்வாது என்பது படகுக்காரர்களின் முறைப்பாடாக இருந்தது. வாடிக்கையாளர்களை இழந்த சிறு வியாபாரிகள் பலர். ஆனால், துடைப்பமும் வீடும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன என்பதே முக்கியமானது. அன்று ஆற்றை அசுத்தப்படுத்துபவர்கள் என்று அகற்றப்பட்ட அந்தத் தெருக்கடைக்காரர்களின் உணவங்காடிக் கலாசாரத்தையே 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அங்காடிக்குள் ஒரு தட்டி இருந்தபடியால்தான் அந்தக் கௌரவத்தைப் பெற அவர்களின் பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

இலங்கையனான நான் இதைப் பற்றி ஏன் இவ்வளவு விரிவாக எழுதவேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

சிங்கப்பூரை ஓர் 'உலக நகரம்' என்று முதன்முதலில் வர்ணித்துக் கோட்பாடு வகுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பத்திரிகையாளர். 1915 இல் வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, சிங்கப்பூரின் ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதிவிட்டு, 1965 இல் அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். இராஜரத்தினம் அவர். 1972 பெப்ரவரியில் தனது பழைய சகபாடிகளான பத்திரிகையாளர்கள் மத்தியில் ஆற்றிய உரையில், சிங்கப்பூர் தனது அயலை மாத்திரம் நம்பியிருக்கும் சந்தை நகரமாக இல்லாமல் முழு உலகையும் தனது பின்புலமாகக் கொண்ட நகரமாக மாறவேண்டும் என்று அவர் வாதிட்டார். ஆற்றங்கரைச் சந்தையிலிருந்து கண்ணாடிக் கட்டிடங்களுக்கு அந்த நகரம் நடந்துபோன பாதையின் வரைபடம் அந்த உரையிலேயே இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அந்த வரைபடத்தை எங்கள் நாட்டுத் தலைவர்கள் ஒருபோதும் முழுமையாக வாசித்ததில்லை.

1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தன காலத்திலிருந்து இலங்கையைச் சிங்கப்பூராக்குவோம் என்று சொல்லாத தலைவர் அரிது. அவர்கள் அங்கே போய் ஆற்றங்கரையில் உலாவினார்கள். தூய்மையைக் கண்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த வீடமைப்பையும் சேமலாப நிதியையும் கண்டும் காணாமல் திரும்பினார்கள். போர் முடிவடைந்து ஒரு வருடம் கழித்து, 2010 இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. நகரத்தை அழகுபடுத்துவதற்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்கு அன்று பலரும் அஞ்சினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் குடும்பங்கள் வசித்துவந்த வீடுகள் படையினரின் பிரசன்னத்துடன் இடிக்கப்பட்டன. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் என்று எல்லோரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்த பகுதி கொம்பனித்தெரு. தலைநகரில் அப்படிப்பட்ட இடங்கள் மிகச்சில.

பின்னர் தொடர்மாடிகள் கட்டப்பட்டன என்பதை மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றுக்குக் குடிபெயர்ந்தன. ஆனால், எங்கே துடைப்பம் முதலில் வந்து வீடு பின்னால் வருகிறதோ, எங்கே துடைப்பம் சீருடை அணிந்து வருகிறதோ, அங்கே அகற்றப்படுபவன் தன்னைக் குப்பையாகவே உணருவான். பேரை வாவிக் கரையிலும் இன்று கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் வரவேற்புக் கூடங்களுக்கும் நாளை சித்திரங்கள் தேவைப்படும். அப்போது ஓர் ஓவியர் சாக்கும் கயிறும் பழைய பத்திரிகைத் தாளும் கொண்டு கொம்பனித்தெருவைச் சுவரில் எழுப்பித் தருவார். அதில் தமிழ் நேராக இருக்குமா தலைகீழாக இருக்குமா என்பதை இப்போதே யோசிப்பது நல்லது.

நினைவைப் பேணுவதிலும் சிங்கப்பூரிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆற்றைத் துப்புரவு செய்யும் பணி நடந்துகொண்டிருந்த வேளையில்தான், 1979 இல், அந்த நாட்டின் சுவடிக்கூடம் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யத் தொடங்கியது. சாதாரண தொழிலாளர்களும் வியாபாரிகளும் தமது மொழியில் பேசிய மணிக்கணக்கான ஒலிப்பதிவுகள் இன்று அங்கே இருக்கின்றன. ஒரு கையால் அப்புறப்படுத்தி மறு கையால் பதிவு செய்தார்கள். முரண்பாடாகத் தோன்றினாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. எங்களிடம் என்ன இருக்கிறது? கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழ், மலையாளத் தொழிலாளர்களின் குரல் எத்தனை மணிநேரம் பதிவாகியிருக்கிறது? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தவர்கள் ஏட்டுச்சுவடிகளை மாத்திரம் எரிக்கவில்லை. பழைய பத்திரிகைகளும் சேர்ந்தே சாம்பலாகின. எரியாமல் மிஞ்சியவற்றையும் நாங்கள் ஒழுங்காகப் பேணினோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியாது. பத்திரிகைகளின் பழைய கோவைகள் கறையானுக்கும் எடைக்கடைக்கும் போயிருக்கின்றன. அந்த எடைக்கடைத் தாள்தான் ஒருநாள் ஏதோவொரு நாட்டு ஓவியரின் பசைக் கிண்ணத்துக்கு வந்துசேருகிறது.

உலகெங்கும் பரந்து வாழும் தமிழர்களிடம் இன்று வசதி இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. கோயில்களுக்கும் மாநாடுகளுக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு, ஒவ்வொரு ஊரிலும் எஞ்சியிருக்கும் வயோதிபத் தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசவைப்பதற்குச் செலவிடப்பட்டால் போதும். துறைமுகத்தில் வேலை செய்தவர், ரயில் பாதை போட்டவர், நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி, கிட்டங்கியில் சமையல் செய்தவர் என்று எவரும் விடுபடக்கூடாது. அவர்கள் இன்னும் நீண்டகாலம் எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஓவியர்கள் எங்களைச் சரியாக வரையவில்லை என்று குறைப்படுவதற்கு முன்னர், அவர்கள் பார்த்து வரைவதற்கு நாங்கள் எதை விட்டுவைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அவ் தீ ஹொங் என்ற சிற்பியின் வெண்கலச் சிலைத் தொகுதி ஒன்று இருக்கிறது. நகரத்தின் ஆரம்பகால வர்த்தகரான அலெக்சாண்டர் லோரி ஜோன்ஸ்டன், சீன வணிகர் ஒருவருடனும் மலாய்த் தலைவர் ஒருவருடனும் பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சீனக் கூலி ஒருவரும் இந்தியக் கூலி ஒருவரும் மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றுகிறார்கள். சற்றுத் தொலைவில், 1869 இல் கட்டி முடிக்கப்பட்ட கவனா பாலத்தின் முகப்பில், குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வாகனங்களும் மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் செல்லக்கூடாது என்று பிரித்தானியர் காலத்துப் பொலிஸ் அதிகாரி இட்ட கட்டளைப் பலகை இன்னமும் பத்திரமாக இருக்கிறது. வர்த்தகரின் பெயர் எமக்குத் தெரியும். மாட்டுக்கு விதிக்கப்பட்ட தடையும் தெரியும். மாட்டை ஓட்டியவரின் பெயர் மாத்திரம் தெரியாது. அவர் தமிழராக இருப்பதற்கான சாத்தியமே அதிகம்.